ஒரே அளவில் ஏழு ‘சரி’

என் வேலையில் கைக்கு இருக்கும் மரியாதை காலுக்கும் உண்டு. மேசைக்கு அடியில் ஒரு பெடல் இருக்கிறது. மிதித்தால் ஹெட்போனில் குரல் ஓடும். காலை எடுத்தால் நிற்கும். குதிகாலால் அழுத்தினால் மூன்று நொடி பின்னால் போகும். டாக்டர்கள் பேசி வைக்கும் நோயாளிக் குறிப்பு, இன்சூரன்ஸ்காரர்களின் விபத்து விசாரணை, குடும்ப வழக்கில் புருஷனும் பெண்டாட்டியும் மாறி மாறிச் சொல்லும் வாக்குமூலம், எல்லாவற்றையும் கேட்டு எழுத்தில் இறக்கித் தருவேன். பத்தொன்பது வருடமாக இதுதான் பிழைப்பு. “ஊர்ல பாதிப் பேரு என் பொண்டாட்டி காலடியிலதான் பேசறான்” என்று என் வீட்டுக்காரர் சொல்லிச் சிரிப்பார். அவர் மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கிறவர்.

கேட்டதை எழுத வேண்டும், நினைத்ததை எழுதக் கூடாது. திக்கினால் திக்கலையும் எழுத வேண்டும். யாரும் பேசாத இடத்தில் எத்தனை நொடி மௌனம் என்று போட வேண்டும். கடைசிப் பக்கத்தில் ‘கேட்டது கேட்டபடி எழுதப்பட்டது, எதுவும் விடப்படவில்லை’ என்று ஒரு வரி வரும். அதன் கீழே என் பதிவு எண். எனக்குக் கூலி அந்த ஒரு வரிக்குத்தான். மற்றதை இப்போதெல்லாம் மெஷினே செய்துவிடுகிறது.

அந்த வெள்ளிக்கிழமை மத்தியானம் நான் ஒரு முழங்கால் ஆபரேஷன் குறிப்பில் இருந்தேன். தோளில் ஒரு கை விழுந்தது.

“எத்தனை தடவ சொல்றது, தொடாத, கண்ணு முன்னாடி வந்து நில்லுன்னு. உயிர் போயிட்டு வருது.”

“பெல் அடிச்சேன்க்கா. நீ எந்த உலகத்துல இருந்தியோ.”

“முழங்கால்ல இருந்தேன்.”

என் தம்பி சிரிக்கவில்லை. வழக்கமாக இதற்குச் சிரிப்பான். என்னைவிட ஒன்பது வயது இளையவன். அம்மா இரண்டு ஷிப்ட் பார்த்த காலத்தில் அவனுக்குச் சோறு ஊட்டியதும், சட்டைப் பொத்தான் போட்டுவிட்டதும், மறுநாள் பாடத்தைச் சொல்லிக் கொடுத்ததும் நான். இப்போது ஒரு மருந்துக் கிடங்கில் ஷிப்ட் மேற்பார்வையாளர். முப்பத்தொரு வயதில் எனக்கே புத்தி சொல்கிற அளவுக்கு வளர்ந்தவன், அன்று செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்றான்.

“சாப்பிடறியா?”

“ஆச்சு.” பொய். அவன் வயிறு எனக்குத் தெரியும். கைபேசியை எடுத்து என் மேசை மேல் குப்புற வைத்தான். “வாயாடி என் மேல கம்ப்ளெயின்ட் குடுத்திருக்கா.”

வாயாடியை எனக்குத் தெரியும். நேரில் பார்த்ததில்லை, அவன் சொல்லித்தான். அவனுடைய கிடங்கில் லேபிள் ஒட்டும் பிரிவில் இருக்கிற பெண். இரண்டு வருடமாக அவன் வாயில் அவள் கதைதான். ‘ஏழு பெட்டி இந்தப் பக்கம் வைம்மான்னா, ஏன், எட்டு வெச்சா கை சுட்டுடுமான்னு கேக்கறாக்கா. அவகிட்ட ஒரு சரி வாங்கறதுக்குள்ள ஷிப்டே முடிஞ்சிடும்.’ சொல்லும்போது முகம் பல்பு மாதிரி எரியும். நான் அவளுக்கு நாத்தனார் ஆகப் போகிறேன் என்று முடிவே கட்டியிருந்தேன். எப்படிப்பட்ட நாத்தனாராக இருக்கக் கூடாது என்று மனசுக்குள் ஒத்திகைகூடப் பார்த்திருந்தேன்.

“என்ன கம்ப்ளெயின்ட்?”

சொன்னான். மூன்று வாரத்துக்கு முன்பு, வேலையிலிருந்து ஓய்வு பெறும் ஒரு பெரியவருக்கு எல்லாரும் சேர்ந்து விருந்து கொடுத்திருக்கிறார்கள். குடியும் இருந்தது. முடிந்து கிளம்பும்போது இவன் வீடு பக்கம் என்று அவள் இவனோடு வந்திருக்கிறாள்.

“அவளாத்தான் வந்தாக்கா. மூணு மாடி, கைப்பிடியக்கூடத் தொடாம ஏறினா. அவளாத்தான் சரின்னா. ஒரு தடவ இல்ல, பல தடவ. இப்ப என்னடான்னா ஒண்ணுமே ஞாபகம் இல்லங்கறா. நான் சம்மதிக்கவே இல்லன்னு எழுதிக் குடுத்துட்டா.”

“எவ்வளவு குடிச்சிருந்தா?”

“அஞ்சு கிளாஸ். ஆறு இருக்கலாம். நான் ரெண்டுதான்.” ரெண்டுதான் என்பதை நல்ல மார்க் வாங்கிய பையன் மாதிரி சொன்னான். பிறகு கைபேசியைத் திருப்பினான். “ஆனா என்கிட்ட ஆதாரம் இருக்கு. ரெக்கார்ட் பண்ணியிருக்கேன். இந்தக் காலத்துல எதுக்கும் இருக்கட்டும்னு பசங்க சொல்லியிருந்தாங்க.”

உண்மையைச் சொல்லிவிடுகிறேன், அந்த நிமிடம் எனக்கு நிம்மதியாகத்தான் இருந்தது. தான் ஆடாவிட்டாலும் தன் தசை ஆடும் என்பார்கள். என் தசை ஆடித்தான் போயிற்று. நம் பையன் அப்படிப்பட்டவன் இல்லை, இதோ ஆதாரமே இருக்கிறது என்று மனசு ஓடி வந்து நின்றுகொண்டது.

“திங்கக்கிழமை பத்து மணிக்கு விசாரணை. பதிவு எண் இருக்கறவங்க எழுதிக் குடுத்தா ஏத்துப்பாங்களாம். உன் பேரு வேண்டாம், நம்பர் போதும். முழுசாகூட வேண்டாம்க்கா. அவ சரின்னு சொல்ற இடம் மட்டும். ஒரு பக்கம் வந்தா போதும்.”

“முழுசா கேக்காம ஒரு வரிகூட எழுத மாட்டேன். உனக்கே தெரியும்.”

கொஞ்சம் யோசித்தான். அந்த யோசனையை நான் அப்போது பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்துவிட்டேன். “கேளு, ஒண்ணும் இல்ல. ஒம்பது நிமிஷம்தான்” என்று என் கணினிக்கு அனுப்பிவிட்டுப் போனான்.

சனிக்கிழமை காலை பத்து மணிக்கு உட்கார்ந்தேன். வீட்டுக்காரர் கடைக்குப் போய்விட்டார். நல்ல வெயில், ஜன்னல் திறந்திருந்தது, கீழே யாரோ கார் கழுவிக்கொண்டிருந்தார்கள். என் மேசை சுவரைப் பார்த்து இருக்கும். முன்கதவு என் முதுகுக்குப் பின்னால்.

பெடலை மிதித்தேன். முதலில் ஃப்ரிட்ஜ் ஓடும் சத்தம். நாற்காலி நகரும் சத்தம். பிறகு அவள் குரல்.

குடித்தவர்கள் குரல் எனக்குப் புதிது இல்லை. விபத்து விசாரணைகளில் நூற்றுக்கணக்கில் எழுதியிருக்கிறேன். நாக்கு தடிக்கும், சொல் சறுக்கும், பாதி வாக்கியத்தில் அழுகை வரும். இதையும் அப்படித்தான் எதிர்பார்த்தேன். அப்படி இல்லை. தெளிவாக இருந்தது. அச்சடித்த மாதிரி ஒவ்வொரு எழுத்தும் தனித்தனியாக.

“வாசல்ல யாரு நிக்கறாங்க?”

“யாரும் இல்ல. கதவு சாத்தியிருக்கு.” இது தம்பி.

“சரி.”

எழுதினேன். கொஞ்ச நேரம் ஏதோ பாத்திரச் சத்தம். “லைட்ட கொறைக்கட்டுமா?” என்று கேட்டான். “சரி” என்றாள். எழுதினேன். அப்புறம்,

“வாசல்ல யாரு நிக்கறாங்க?”

குதிகால் தவறிப் பட்டுப் பின்னால் போய்விட்டது என்று நினைத்தேன். நேரத்தைப் பார்த்தேன். இல்லை. பதிவு முன்னால்தான் போயிருந்தது. அதே கேள்வி, அதே ஏற்றம், அதே இடத்தில் அதே சின்ன மூச்சு. முதல் தடவை கேட்டதையே அறியாதவள் கேட்கிற மாதிரி.

தம்பி சிரித்தான். “மறுபடியுமா? யாருமே இல்லடா.”

“சரி.”

“தண்ணி வேணுமா, வேண்டாமா?”

“சரி.”

என் விரல் நின்றது. வேணுமா வேண்டாமா என்பதற்கு எப்படிச் சரி பதிலாகும்? பின்னால் போய் மறுபடி கேட்டேன். தெளிவாக, சரி. தண்ணீர் ஊற்றும் சத்தம் எதுவும் அதற்குப் பிறகு வரவில்லை.

ஐந்தாம் நிமிடத்தில் மூன்றாவது தடவை கேட்டாள், வாசலில் யார் நிற்கிறார்கள் என்று. இந்த முறை தம்பி பதில் சொல்லவில்லை. மௌனத்தை எண்ணினேன். ஒன்று, இரண்டு, மூன்று. ஹெட்போனில் அந்த அறையின் காற்று மட்டும். ஆறாவது நொடியில் என் கழுத்துக்குப் பின்னால் மயிர் நின்றது. திரும்பிப் பார்த்தேன். எங்கள் கதவு சாத்தியிருந்தது. சங்கிலி போட்டிருந்தது. பட்டப்பகல், பக்கத்து வீட்டில் மிக்ஸி ஓடுகிறது. இருந்தும் எழுந்து போய் கதவு ஓட்டை வழியாகப் பார்த்தேன். வெளியே வராண்டாவில் ஒன்றும் இல்லை. திரும்பி வந்து ‘மௌனம், 9 நொடி’ என்று எழுதினேன்.

பிறகுதான் தம்பி எனக்குச் சொன்ன அந்த இடம் வந்தது.

“உனக்குச் சம்மதம்தானே?”

“சரி.”

“கொஞ்சம் சத்தமா சொல்லு.”

“சரி.”

அவன் குரல் மிரட்டவில்லை. மிரட்டியிருந்தால்கூட எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். மெதுவாக, இதமாக, கெஞ்சலாக இருந்தது. அந்த ராகம் எனக்குத் தெரியும். இன்னும் ஒரு வாய், ஒரே ஒரு வாய், ஆ காட்டு என்று நான் அவனுக்கு ஊட்டிய ராகம். கொஞ்சம் சத்தமா சொல்லு என்று வாய்ப்பாடு ஒப்பிக்கச் சொன்ன ராகம். அதைத் தூக்கிக்கொண்டு போய் அவன் எங்கே வைத்திருக்கிறான் என்று நினைத்தபோது பெடலிலிருந்து காலை எடுத்தேன்.

திரையில் குரல் கோடு கோடாக ஓடும். அவள் சொன்ன சரிகளை வெட்டி ஒன்றன் கீழ் ஒன்றாக அடுக்கிப் பார்த்தேன். ஒரு மனிதர் ஒரு சொல்லை இரண்டு தடவை ஒரே மாதிரி சொல்ல மாட்டார். காய்க்காரரிடம் சொல்லும் சரி வேறு, கோபத்தில் புருஷனிடம் சொல்லும் சரி வேறு. தூக்கத்தில்கூட மாறும். இவை மாறவில்லை. ஒரே கத்தரியில் வெட்டிய துணி மாதிரி ஒன்றன்மேல் ஒன்று உட்கார்ந்தன. லைட்டுக்கும் தண்ணீருக்கும் சம்மதத்துக்கும் ஒரே உயரம், ஒரே நீளம்.

எட்டாவது நிமிடம் நாற்பத்தொன்றாவது நொடி. தம்பி கேட்கிறான்:

“நாளைக்கு இதெல்லாம் ஞாபகம் இருக்கும்ல?”

மௌனம், 4 நொடி.

“சரி.”

ஏழாவது சரி. கைபேசியைக் கையில் எடுக்கும் சத்தம். பதிவு அங்கே முடிகிறது. அதற்குப் பிறகு அந்த அறையில் நடந்தது அவன் ஒருவனுக்குத்தான் தெரியும்.

ஹெட்போனைக் கழற்றி வைத்தேன். கீழே கார் கழுவி முடித்திருந்தார்கள். அன்று பகல் முழுக்க வீட்டில் ஒரு ஆள் கூடுதலாக இருப்பது போல இருந்தது. குழாயை மூடினால் பின்னால் யாரோ கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். கடையில் பால் வாங்கும்போது பக்கத்தில் ஒரு பெண் “சரி” என்று சொல்ல, பையைக் கீழே போட்டுவிட்டேன்.

சாயங்காலம் வீட்டுக்காரர் வந்ததும் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் சாப்பாட்டுப் பையை இறக்கி வைத்தார். பிறகு என் நாற்காலியில் உட்கார்ந்து ஹெட்போனை மாட்டிக்கொண்டார். ஒரு நிமிடம்கூட இருக்காது. கழற்றிவிட்டார்.

“இது யாரும்மா பேசறது? போன்ல மணி சொல்லும் பாரு, அந்தக் குரல் மாதிரி இருக்கு. உள்ள ஆளே இல்ல.”

“அவன் அத சம்மதம்னு நெனச்சிருக்கான்.”

“நெனச்சானா, நெனச்சுக்கிட்டானா?” கண்ணாடியைக் கழற்றிச் சட்டையில் துடைத்தார். “உன் தம்பி உன் கையிலதான் வளந்தான். நான் ஒண்ணு சொன்னா மச்சினன் மேல பொறாமைம்ப. நீயே சொல்லு.”

“நான் என்ன சொல்றது? ஒரு பக்கம் எழுதிக் குடுத்தா அவனுக்கு வேலை இருக்கும். நம்ம வீட்டுக்கு வருவான், போவான்.”

“குடுத்துடேன்.”

“விளையாடாதீங்க.”

“விளையாடல. நீ குடுக்க மாட்ட. குடுக்கறதா இருந்தா என்கிட்ட சொல்லியிருக்கவே மாட்ட, காதும் காதும் வெச்ச மாதிரி முடிச்சிருப்ப.” எழுந்து சமையலறைக்குப் போனார். “இன்னிக்கு நான் சமைக்கறேன். உப்பு இல்லன்னா வாயத் திறக்கக் கூடாது.”

உப்பு இல்லை. நான் வாயைத் திறக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை தம்பி வந்தபோது முழுவதும் தயாராக இருந்தது. ஏழு பக்கம். அவன் புரட்டிப் பார்த்துவிட்டு மேசைமேல் வைத்தான்.

“இவ்வளவு எதுக்குக்கா? வாசல், தண்ணி, லைட்டு... இதெல்லாம் யாரு கேட்டா?”

“நீதான் கேட்ட. உன் குரல்தானே? உட்காரு. நீ பேசினத நீ படி, அவ பேசினத நான் படிக்கறேன்.”

“என்னக்கா இது, டிராமாவா?”

“ஒம்பது நிமிஷம்தான்னு நீயே சொன்னியே.”

சமையலறை மேசையில் எதிரும் புதிருமாக உட்கார்ந்தோம். ஜன்னலிலிருந்து வெயில் அவன் கைமேல் விழுந்தது. நான் ஆரம்பித்தேன். நடிக்கவில்லை. அந்தக் குரலை நாள் முழுக்கக் கேட்டிருந்ததால் அந்தத் தொனி தானாகவே என் வாயில் வந்து உட்கார்ந்தது. அதுதான் எனக்கே பயமாக இருந்தது. வாசலில் யார் என்று நான் இரண்டாவது தடவை கேட்டபோது, “மறுபடியுமா” என்று படித்தவன் சிரிக்க முயன்றான். அன்றைக்குச் சிரித்த சிரிப்பு இன்றைக்கு வரவில்லை. மூன்றாவது தடவை நான் கேட்டுவிட்டு, மௌனம் ஒன்பது நொடி என்பதைப் படிக்காமல், ஒன்பது நொடி அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஒரு நொடி அவன் கண் என் தோளைத் தாண்டிக் கதவுப் பக்கம் போய் வந்தது.

சம்மதம்தானே என்று படித்தான். சரி என்றேன். சத்தமா சொல்லு என்று படித்தான். சரி என்றேன். பக்கத்தைத் திருப்பினான். அடுத்த வரியைப் பார்த்தவன் படிக்கவில்லை.

“படி.”

“போதும்க்கா.”

“நீ கேட்டதுதான். படி.”

“நாளைக்கு,” என்றான். “நாளைக்கு இதெல்லாம் ஞாபகம் இருக்கும்ல.”

நான் சரி சொல்லவில்லை. “எதுக்குக் கேட்ட?”

“சும்மா.”

“நல்லா இருக்கறவகிட்ட யாராவது இதக் கேப்பாங்களா? இன்னிக்குச் சாப்பிட்டுட்டுப் போகும்போது நான் உன்கிட்ட, இது நாளைக்கு ஞாபகம் இருக்குமாடான்னு கேப்பேனா?”

“நானும் குடிச்சிருந்தேன்.”

“வெள்ளிக்கிழமை ரெண்டுதான்னு பெருமையா சொன்ன.”

அவன் தாளின் ஓரத்தை மடித்தான்.

“ஏன் ரெக்கார்ட் பண்ணின?”

“பயத்துலதான். பசங்க சொன்னாங்க, பின்னாடி மாத்திப் பேசுவாங்க...”

“மனசாரச் சரின்னு சொல்றவகிட்ட என்னடா பயம்? ரெண்டு வருஷமா என்கிட்ட சொன்னது நீதானே, ஏழு பெட்டிக்கே சண்டை போடுவா, அவகிட்ட ஒரு சரி வாங்க முடியாதுன்னு? அன்னிக்கு ஒம்பது நிமிஷத்துல ஏழு சரி. ஒரு எதிர்க்கேள்வி இல்ல. உனக்குச் சந்தேகமே வரலயா?”

வெயில் பட்ட கையை மேசையிலிருந்து இழுத்துக்கொண்டான். பிறகு மெதுவாகச் சொன்னான். “வந்துச்சு.”

அவ்வளவுதான் சொன்னான். நான் அழுதுவிட்டேன். எனக்கு வேண்டிய பதில் அதுதான், வேண்டாத பதிலும் அதுதான்.

ஆனால் அவன் அழவில்லை. கைபேசியை எடுத்தான். விரல் வேகமாக ஓடியது. “அழிச்சிட்டேன். பாரு. இனிமே ரெக்கார்டிங்கே இல்ல. நாளைக்கு நான் ஒண்ணும் குடுக்கல. நீ பொய் சொல்ல வேண்டாம்க்கா, எழுத வேண்டாம். சும்மா இருந்தா போதும். அவளுக்குத்தான் ஒண்ணும் ஞாபகம் இல்லயே. நான் சொன்னாத்தான் அந்த ராத்திரி. சொல்லலன்னா அப்படி ஒண்ணு இல்லவே இல்ல.”

அவன் அதைக் கெட்ட எண்ணத்தோடு சொன்னதாக எனக்குத் தோன்றவில்லை. ஒரு கணக்கைப் போட்டு விடை சொல்கிறவன் மாதிரிதான் சொன்னான். ஒரு பெண்ணின் வாழ்க்கையில் ஒரு ராத்திரி. அது அவளிடம் இல்லை, அவனிடம் இருக்கிறது. அவன் அதைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போய்விடலாம் என்கிறான். சமையலறை சட்டென்று குளிர்ந்து போனது போல இருந்தது.

“என் கம்ப்யூட்டர்ல இருக்கு,” என்றேன்.

“அத நீ அழி.”

“மாட்டேன்.”

“உனக்குத் தம்பி வேணுமா, வேண்டாமா?”

“வேணும்.”

“அப்ப அழி.”

நான் எழுந்திருக்கவில்லை. “இனிமே இந்த வாசப்படி மிதிக்க மாட்டேன்” என்று சொல்லிவிட்டுப் போனான். மாடிப்படியில் அவன் இறங்கும் சத்தத்தை ஒவ்வொன்றாகக் கேட்டேன். எண்ணவில்லை.

தம்பி பதிவோடு சேர்த்து அனுப்பியிருந்த கம்ப்ளெயின்ட் நகலில் விசாரணைக் குழுத் தலைவியின் எண் இருந்தது. அன்று மத்தியானமே கூப்பிட்டேன். நான் யார், என்னிடம் என்ன இருக்கிறது என்று சொன்னேன். அந்த அம்மாள் என் பெயரையும் எண்ணையும் குறித்துக்கொண்டார். “சொந்த அக்கா எழுதினத நாங்க ஆதாரமா எடுக்க முடியாதும்மா. வேற ஒருத்தர வெச்சு எழுதிப்போம். ஆனா ஒலிப்பதிவோட நீங்க வரணும். நேர்ல சொல்லணும். வருவீங்களா?” என்றார். வருகிறேன் என்றேன். “ஒருதரம் யோசிச்சுக்கங்க. ரத்த சம்பந்தம்” என்றார். யோசித்துத்தான் கூப்பிட்டேன் என்றேன்.

திங்கட்கிழமை ஒன்பதரைக்கே போய்விட்டேன். கிடங்கின் மேல்மாடி. அட்டைப்பெட்டி வாசனையும் பசை வாசனையும் கலந்து அடித்தது. மூடிய ஒரு கதவுக்கு வெளியே நான்கு பிளாஸ்டிக் நாற்காலி. ஒன்றில் ஒரு பெண், மடியில் பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு. மெலிந்த முகம், விரல் நகத்தில் காய்ந்த பசை.

“நீங்களும் விசாரணைக்கா?” என்றாள். கரகரத்த குரல், வேகமான பேச்சு. “பத்துன்னு சொல்லியிருக்காங்க. இவங்க பத்துன்னா பதினொண்ணு. இங்க மருந்துக்கு மட்டும்தான் தேதி பாப்பாங்க.”

யார் என்று புரிந்தது. குரலை வைத்து அல்ல. நாள் முழுக்க நான் கேட்ட குரலுக்கும் இதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. தெருவில் கேட்டிருந்தால் அவள்தான் என்று சத்தியமாகச் சொல்லியிருக்க மாட்டேன்.

“நான் அவனோட அக்கா.”

அவள் பையைக் கொஞ்சம் மேலே இழுத்துக்கொண்டாள். “ஓ. தம்பி தங்கம்னு சாட்சி சொல்ல வந்தீங்களா?”

“இல்ல. அன்னிக்கு ராத்திரி நீங்க பேசினத அவன் பதிவு பண்ணியிருந்தான். அதக் குடுக்க வந்திருக்கேன்.”

முகத்திலிருந்து ரத்தம் இறங்குவதைக் கண்ணால் பார்த்தேன். “நான் பேசினேனா?” என்றாள். பையைக் கீழே வைத்தாள். “எனக்குக் கடைசியா ஞாபகம் இருக்கறது மேசையில ஒரு நீலத் தட்டு. அதுக்கப்புறம் காலையில என் செருப்பு. நடுவுல ஒண்ணும் இல்ல. தூங்கி எந்திரிச்சா நேரம் போயிருக்குன்னு தெரியும்ல, அதுகூட இல்ல.”

“செருப்பா?”

“நான் செருப்ப ஒண்ணு இங்க, ஒண்ணு அங்கன்னு உதறிட்டுப் போறவ. எங்கம்மா தினமும் திட்டுவாங்க. அங்க ரெண்டும் சுவரோரமா, ஒட்டி, நேரா இருந்துச்சு. அவன் வெச்சானோன்னு பாத்தேன், அவனுதே அலங்கோலமாக் கெடந்துச்சு. என் காலப் போட்டுக்கிட்டு வேற யாரோ நடந்து வந்து, கழட்டி வெச்சுட்டுப் போன மாதிரி. முதல்ல அதப் பாத்துத்தான் பயந்தேன். மத்ததெல்லாம் அப்புறம்தான் தெரிஞ்சுது.”

என் கையிலிருந்த உறையைப் பார்த்தாள். “எழுதினது இருக்கா? குடுங்க.”

“இப்பவே படிக்கணுமா? உள்ள உங்களுக்குத் துணையா ஒருத்தர் இருக்கும்போது...”

“ஏன், அவங்க என் சார்பா பயந்துக்குவாங்களா? எல்லாருக்கும் தெரிஞ்சதுக்கு அப்புறம் கடைசியா நான் தெரிஞ்சுக்கணுமா? குடுங்க.”

கொடுத்தேன். ஜன்னலோரம் போய் நின்று படித்தாள். உதடு அசைந்தது. விரல் வரி வரியாக இறங்கியது. நடுவில் ஓரிடத்தில் திரும்பிப் பார்த்தாள். “இந்த ஏழும் நான் சொன்னதா?”

“உங்க தொண்டையிலேருந்து வந்தது. ஏழும் ஒரே அளவு. அளந்து பாத்தேன்.”

“அத உள்ள சொல்லுவீங்களா?”

“அதுக்குத்தான் வந்தேன்.”

“அவன் உங்க தம்பி.”

“ஆமா.”

அவள் இன்னும் ஏதோ கேட்க வாயெடுத்தாள். அப்போது மாடிப்படியில் தம்பி வந்தான். மொடமொடப்பான வெள்ளைச் சட்டை, ஷூ. மேல்படியில் கால் வைத்தவன் எங்கள் இருவரையும் பார்த்து அப்படியே நின்றான். அவள் அவனைப் பார்க்கவில்லை. தாள்களைச் சீராக அடுக்கி என்னிடம் திருப்பிக் கொடுத்தாள். நான் அவனைப் பார்த்தேன். ராத்திரி தூங்கவில்லை என்று கண்ணே சொல்லிற்று. காலையில் எதுவும் சாப்பிட்டிருக்க மாட்டான். சாப்பிட்டியா என்ற கேள்வி என் பழக்கத்தில் நாக்கு நுனி வரைக்கும் வந்தது. கேட்கவில்லை.

கதவு திறந்தது. “ஒலிப்பதிவு கொண்டுவந்தவங்க முதல்ல வாங்க” என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

“அக்கா” என்றான் தம்பி. மெதுவாக. இதமாக.

நான் உள்ளே போனேன். மேசைக்கு அந்தப் பக்கம் மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். உட்காரச் சொன்னார்கள். முதலில் நான் யாருடைய அக்கா என்பதைச் சொன்னேன். எழுதிக்கொண்டார்கள். பிறகு முதல் நொடியிலிருந்து சொல்ல ஆரம்பித்தேன்.